பார்க்கின்சன் நோயை நடனமாக அமைப்பது குறித்து

கேள்வி (மருத்துவ மாணவி):
நான் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். சிறு வயது முதல் நடனமும் பயின்று வருகிறேன். பார்க்கின்சன் நோயைப் பற்றிப் பத்து நிமிட நடனம் ஒன்றை அமைக்க விரும்புகிறேன். கை நடுக்கத்தை அப்படியே ஆடிக் காட்டினால் நோயாளிகளின் மனம் புண்படுமோ என்று தயங்குகிறேன். பாடநூலில் கிடைக்காத எதையேனும் இந்நோயைப் பற்றி நடனம் நமக்குக் கற்பிக்குமா?

பதில் (இயன்முறை மருத்துவர்):
நடுக்கத்தை விட்டுவிடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்த அறிகுறி, சில நோயாளிகளுக்கு அது இருப்பதே இல்லை. கால் உறைந்துபோவதைக் கவனியுங்கள். நன்றாக நடந்து வருபவர் கதவருகே வந்ததும் பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். உடல் முன்னே சாயும், கால் வராது. அப்போது தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னாலோ, பக்கத்தில் நின்று தாளம் போட்டாலோ, பலர் சட்டென்று அடியெடுத்து வைப்பார்கள். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால், பழகிய அசைவுகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. வெளியிலிருந்து வரும் தாளம் வேறு நரம்புப் பாதைகள் வழியே அந்த வேலைக்குக் கைகொடுப்பதாகக் கருதப்படுகிறது.

பதில் (நடன ஆசிரியர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தாளத்தை அற்புத மருந்தாக மேடையில் காட்டிவிடாதீர்கள். இசை நின்றதும் பலருக்குப் பழைய தடுமாற்றம் திரும்பிவிடுகிறது, மாத்திரையும் வேளை தவறாமல் தேவைப்படுகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு, அங்குள்ள பார்க்கின்சன் அமைப்புடன் சேர்ந்து 2001இல் தொடங்கிய வகுப்புகளில், வருபவர்களை நோயாளிகளாகக் கருதாமல் நடனம் கற்பவர்களாகவே நடத்துகிறார்கள். என் வகுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட வெகுநேரம் போராடுவார். அதே விரல்களால், நாற்காலியில் அமர்ந்தபடி, பூ விரிவதைப் பொறுமையாகக் காட்டுவார். அவரைப் போன்றவர்களிடம் பேசிய பிறகே, முடிந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டே, இந்த நடனத்தை அமையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நடை தானாக வராதவரைப் போல, ஒவ்வோர் அடியையும் மனத்துக்குள் கட்டளையிட்டு எடுத்து வைத்து இன்று பயிற்சி செய்தேன். தோழி என்னிடம் பேச்சுக் கொடுத்ததும் மூன்றாவது அடியிலேயே நின்றுவிட்டேன். நோயாளிகளை நடக்க வைத்துக்கொண்டே நான் கேள்வி கேட்டது அவர்களுக்கு எவ்வளவு பெரிய சுமையாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. நடனத்தை அந்த மூன்றாவது அடியிலிருந்தே தொடங்கப்போகிறேன்.