கடலுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு

தாத்தா வீடு கடலோரத்தில் தன்னந்தனியாக நிற்கும். வண்டி இறக்கிவிடும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். உப்புக் காற்று பட்டுப் பட்டு வாசல் தாழ்ப்பாள் துருவேறி, தொட்டாலே செதில் செதிலாக உதிரும்.

கடற்கரை வீடு என்றால் எல்லோரும் அலை, சிப்பி, நண்டு என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வீட்டுக் கிணறுதான். அலை வந்து தொடும் இடத்திலிருந்து இருநூறு அடி இருந்தால் அதிகம். அப்படியும் தண்ணீர் கரிக்காது. இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை. எட்டிப் பார்த்தால் அடி மணல் தெரியும். கடல் ஏறும்போது கிணற்றிலும் நீர் கொஞ்சம் ஏறும், வற்றும்போது இறங்கும். நாங்கள் உறையில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்துப் பார்ப்போம்.

தாத்தா வாளியைச் சாய்த்து, மேலாகத்தான் மொள்ளுவார். நாலு வாளி இறைத்தால் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிடுவார். "மேலே இருக்கிறதுதான் நம்மளது, அடியில இருக்கிறது கடலோடது" என்பார். எங்களைப் பயமுறுத்தச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம்.

எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் தூங்கிய ஒரு மதியம், மாமா பையனும் நானும் முற்றத்து மணலில் குளம் வெட்டினோம். மணலில் குளம் நிற்குமா? ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொண்டது. நாங்களும் விடவில்லை, அறுபது வாளிவரை எண்ணினேன். சாயங்காலம் பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

காரணம் பள்ளியில் படித்தபோதுதான் புரிந்தது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் போலக் கனம். மணலில் இறங்கும் மழைநீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு நீர் அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும். அவசரமாக இறைத்தால் வாளிக்கு நேர் கீழேயே கூம்பு மாதிரி எழும்பி வரும். தாத்தா இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்தவர் இல்லை.

அன்று எங்களுக்கு அடி விழவில்லை. அதற்குப் பதிலாக, கிணறு தெளியும்வரை வண்டி நிற்கும் இடத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். பாதி வழியிலேயே தோள் கடுத்துப்போகும். அடியே தேவலை என்று தோன்றியது. அப்புறம் ஒரு நாள் காலையில் தாத்தா கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், வாளி அடி மணலைத் தொடாத அளவுக்குக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, ராட்டினத்தில் மாட்டிவிட்டார்.

அடுத்த லீவுக்குப் போனபோதும் அந்த முடிச்சு இருந்தது. மாமா பையன் அவிழ்க்கப் பார்த்தான். உப்பேறி இறுகிப்போயிருந்தது, அவன் நகம்தான் உடைந்தது.