அகதிகள், பாலினம், மனித உரிமை: முனைவர் பட்டத்துக்கு எந்தத் துறை, எப்படித் தொடங்குவது?

நெய்தல்:
வணக்கம். சமூகவியல் முதுகலை முடியப்போகிறது. அகதிப் பெண்களின் உரிமைகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து, பிறகு ஆசிரியப் பணிக்குப் போக விருப்பம். சட்டம், மானுடவியல், சமூகவியல் மூன்றில் எதில் பதிவது? "அகதிப் பெண்களின் பிரச்சினைகள்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன், போதுமா? நேர்காணலில் என்னென்ன தவறு நடக்கும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏடும்எழுத்தும்:
துறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் 1982இல் பார்பரா ஹாரல்-பாண்ட் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையம், டொரண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தின் மையம் என்று தனி மையங்கள் இருக்கின்றன. ஆனால் ஆசிரியர் பணியிடங்கள் பெரும்பாலும் சமூகவியல், சட்டம், அரசியல் அறிவியல் என்ற பெயரில்தான் அறிவிக்கப்படுகின்றன. அதனால் பட்டம் பழைய துறை ஒன்றில் இருக்கட்டும், பொருள் மட்டும் அகதிகளாக இருக்கட்டும். ஆய்வு முறையியல் தாள் ஒன்றையும் துறையின் அறிமுகத் தாள் ஒன்றையும் நடத்தும் அளவுக்குத் தேறிக்கொள்ளுங்கள். தேர்வுக் குழு அதைக் கட்டாயம் கேட்கும்.

உங்கள் சான்று எங்கே கிடைக்கிறது என்று பார்த்தால் துறை தானே தெரிந்துவிடும். தீர்ப்புகளில் என்றால் சட்டம். முகாமின் அன்றாட வாழ்வில் என்றால் மானுடவியல். நிறுவனங்கள், குடும்பம், வேலை என்றால் சமூகவியலே போதும், சட்டத் துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவரைக் கேளுங்கள். நெறியாளரின் பெயரைப் பார்த்து மயங்காமல், அவரிடம் எத்தனை பேர் பட்டம் முடித்து வெளியே வந்தார்கள் என்று விசாரியுங்கள்.

ஐந்தாம்காரணம்:
அந்தத் தலைப்பு போதாது. அதில் கேள்வியே இல்லை.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைத்தான் ஏற்கிறது: இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்பினராக இருத்தல், அரசியல் கருத்து. பாலினம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் குடும்ப வன்முறைக்கோ கட்டாயத் திருமணத்துக்கோ தப்பி வந்த பெண், தன் வழக்கை இந்த ஐந்தில் ஒன்றுக்குள் நுழைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கனடா 1993இல் இதற்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2002இல் விரிவாக வெளியிட்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு 2014இல் தந்த 32ஆவது பொதுப் பரிந்துரையையும் படித்துவிடுங்கள்.

கேள்வி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். "என்ன அரசியல் செய்தீர்கள்?" என்று அதிகாரி கேட்கிறார். "ஒன்றும் செய்யவில்லை" என்கிறாள் பெண். போராட வந்தவர்களுக்குச் சோறு போட்டதையும், காயம்பட்டவனை வீட்டில் மறைத்து வைத்ததையும் அரசியல் என்று அவளே நினைப்பதில்லை. கோப்பில் "அரசியல் ஈடுபாடு இல்லை" என்று ஏறிவிடுகிறது. 2002 வழிகாட்டுதல் இத்தகைய செயல்களையும் அரசியலாகக் கருதச் சொல்கிறது. இன்ன நாட்டின் தீர்ப்புகளில், இன்ன பத்து ஆண்டுகளில், சோறு போட்டது எப்படி வகைப்படுத்தப்பட்டது? இது ஆய்வுக் கேள்வி.

தீர்ப்புகளை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஆவணத் தளமான ரெஃப்வேர்ல்டில் தேடலாம். ஒரு எச்சரிக்கை: பொதுவெளிக்கு வருபவை பெரும்பாலும் மேல்முறையீடுகள். முதல் கட்டத்திலேயே ஏற்கப்பட்ட வழக்குகள் அதிகம் வெளிவருவதில்லை. அதை வைத்துக்கொண்டு "பத்தில் இத்தனை நிராகரிப்பு" என்று எழுதினால் முதல் மதிப்பீட்டாளரே பிடித்துவிடுவார்.

களக்குறிப்பு:
நேர்காணலுக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், முதல் ஆண்டில் களத்துக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கையெழுத்து என்றாலே பயப்படுகிறவர்களிடம் படிவத்தை நீட்டக் கூடாது. வாய்மொழி ஒப்புதலுக்கு முன்கூட்டியே குழுவிடம் அனுமதி வாங்குங்கள்.

தொண்டு நிறுவனம் கைகாட்டுகிறவர்களை மட்டும் சந்தித்தால், நன்றாகப் பேசத் தெரிந்த அதே நாலு பேர்தான் கிடைப்பார்கள். தையல் வகுப்பு, தண்ணீர் வரிசை, மருந்தகம் என்று வேறு வேறு வழிகளிலும் ஆட்களைத் தேடுங்கள். மொழிபெயர்ப்பாளர் அதே ஊர்க்காரராகவோ கணவரின் உறவினராகவோ இருந்தால் பெண் வாயே திறக்க மாட்டாள். "தன்னை அடித்தார்கள் என்கிறாள்" என்று சுருக்காமல், "என்னை அடித்தார்கள்" என்று அவள் சொன்னபடியே சொல்ல மொழிபெயர்ப்பாளரைப் பழக்குங்கள்.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. ஊர், படகு ஏறிய நாள், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பில், பூட்டி, பதிவுகளிலிருந்து விலகி இருக்க வேண்டும்.

நெய்தல்:
மிக்க நன்றி. தஞ்ச வழக்கு இன்னும் முடியாதவர்களிடம் பேசலாமா?

களக்குறிப்பு:
தப்பி வந்த கதையைக் கேட்காதீர்கள். விசாரணையில் ஒரு தேதியும் உங்கள் பதிவில் வேறொரு தேதியும் வந்துவிட்டால், அந்த முரண் அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடும். உங்கள் கேள்வி காத்திருப்புக் காலம் பற்றியதென்றால் காத்திருப்பை மட்டும் கேளுங்கள். உங்களிடம் பேசுவதால் வழக்குக்கு நன்மை வராது என்பதை ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு முறை சொல்லுங்கள். எத்தனை சொன்னாலும் அந்த நம்பிக்கை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் இலவச சட்ட உதவி, மனநல உதவி கிடைக்கும் இடங்களின் விவரத்தை அவர்கள் மொழியில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.