ஊராட்சி அலுவலகம் வரை வந்த ஃபைபர், குக்கிராமத்துக்கு வராதது ஏன்?

கரிசல்வாசி (கேள்வி)

விளாத்திகுளம் வட்டாரத்தில் ஒரு குக்கிராமத்தில் குடியிருக்கிறேன். தாய்க்கிராமத்தில் உள்ள எங்கள் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்கு, கிராமங்களுக்கு இணையம் கொண்டுசெல்லும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் கண்ணாடி இழை வடம் (ஃபைபர்) வந்துவிட்டது. சுவரில் பெட்டியும் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் ஏறத்தாழ அறுபது வீடுகள் இருந்தும், ஒரு வீட்டில்கூடக் கம்பிவழி இணைய இணைப்பு இல்லை.

சென்னையில் என் மகள் வாடகைக்கு இருக்கும் தெருவில் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு மாதம் 399 ரூபாயிலிருந்து 30 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைப்புத் தருகின்றன. இங்கே வீட்டில் இருந்தபடியே நிறுவன வேலை பார்க்கும் என் மகனும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கைபேசி டேட்டாவை நம்பித்தான் இருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் காணொளி நகராது. அன்றைய டேட்டா அளவு அதற்கு முன்பே தீர்ந்துவிடுவதும் உண்டு. ஒரு தனியார் நிறுவனத்திடம் விசாரித்தபோது, எங்கள் பகுதிக்கு ஃபைபர் கொண்டுவர வாய்ப்பே இல்லை என்று கூறிவிட்டார்கள். ஊராட்சி அலுவலகம் வரை வந்த வடத்தை இன்னும் இரண்டு கிலோமீட்டர் நீட்டுவதில் என்ன சிக்கல், இதை யாரிடம் முறையிடுவது என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வடக்குரத வீதி கேபிள்

ஐயா, நான் கேபிள் டிவி தொழிலில் இருந்து ஃபைபர் இணைப்புக்கு மாறியவன். தொழில்நுட்ப அளவில் இரண்டு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் ஜிபான் முறையைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். அதில் எங்கள் நிலையத்தில் இருக்கும் ஓஎல்டி என்ற தலைமைக் கருவியிலிருந்து 20 கிலோமீட்டர் வரை ஒளி போய்ச் சேரும். அந்தக் கருவியின் ஒரே போர்ட்டை, ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கலாம்.

செலவுதான் கையைக் கடிக்கிறது. அதிலும் வடத்தின் விலை பெரிதில்லை. மின்கம்பங்களைப் பயன்படுத்துவதற்கான அனுமதி, வாடகை, கம்பம் இல்லாத இடங்களில் புதிதாக நடுவது, இழுத்துக் கட்டும் ஆள்கூலி, இழைகளை ஒட்டும் வேலை ஆகியவைதான் தொகையை ஏற்றுகின்றன. நகரத்தில் இருநூறு மீட்டருக்குள் முப்பது வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். உங்கள் ஊரில் பதினைந்து வீடுகள் 399 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்தால் மாத வசூல் 5,985 ரூபாய். அதில் நிறுவனத்தின் பங்கு போக மிஞ்சுவதைக் கொண்டு முதலீட்டையும் மீட்டு, பராமரிப்பையும் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு என்பது சாதாரணமாக நினைக்கும்படி இருப்பதில்லை. குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி தோண்டும்போது புதைத்த வடம் அறுகிறது. சுமை ஏற்றிய லாரியும் அறுவடை இயந்திரமும் தொங்கும் வடத்தை இழுத்துக்கொண்டு போகின்றன. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால், நட்ட கம்பம் இரண்டு பருவத்தில் சாய்ந்துவிடுகிறது. ஒரு அறுப்பைச் சரிசெய்ய நகரத்தில் அரை மணி நேரம் போதும். உங்கள் பக்கம் வந்து அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே பொழுது போய்விடும்.

ஓய்வுபெற்ற தொலைபேசியர்

மேலே நண்பர் சொன்ன கணக்கு சரியானதே. அந்தக் கணக்கு தனியாருக்குக் கட்டுப்படியாகாது என்பதால்தான் அரசு இதற்கென நிதி ஒதுக்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம் உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதியாக வசூலிக்கப்படுகிறது. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அந்தப் பணத்தில்தான் 2011இல் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பாகத் தொடங்கிய திட்டம் பின்னர் பாரத்நெட் ஆயிற்று. தமிழகத்தில் இரண்டாம் கட்டப் பணி மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் வந்தது. 2020 ஜூனில் ஒப்பந்தப்புள்ளி ரத்தாகி மறுபடியும் கோர நேர்ந்ததால் இங்கே பணி தாமதமாகவே தொடங்கியது.

கரிசல்வாசியின் கேள்விக்கான விடை திட்டத்தின் அலகிலேயே இருக்கிறது என்று கருதுகிறேன். இலக்கு வைக்கப்பட்டது 12,525 ஊராட்சிகளுக்கு. தமிழகத்தில் குக்கிராமங்களோ ஏறத்தாழ 79,000. அதாவது சராசரியாக ஆறு குடியிருப்புகளுக்கு ஓர் இடத்தில் வடம் இறங்கினால் திட்ட அறிக்கையில் அந்த ஊராட்சி இணைக்கப்பட்டதாகிவிடும். பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா, அதிலிருந்து ஒரு வீட்டுக்காவது இணைப்புப் போகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. தொடக்கக் கட்டங்களில் பல மாநிலங்களில் வடத்தை வளையமாக அமைக்காமல் நேர்கோட்டில் இழுத்ததால், இடையில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊராட்சிகள் அத்தனையும் இருண்டுபோயின.

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வளைய அமைப்பு, 1.5 கோடி வீட்டு இணைப்புகள் ஆகியவற்றோடு, ஊராட்சித் தலைமையிடம் அல்லாத ஏறத்தாழ 3.8 லட்சம் கிராமங்களுக்குத் தேவையின் அடிப்படையில் இணைப்புத் தரலாம் என்பதும் அதில் உண்டு. தேவை என்றால் யாராவது எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். ஆகவே தனி மனுவாகப் போகாமல், கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் மேற்சொன்ன மாநில நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

மலையடிவார ஆசிரியை

வடம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதுபோல் உரையாடல் போவதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் பணிபுரியும் ஊரில் ஃபைபர் வாசல் வரை வந்திருக்கிறது. என் மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இணைப்பு இல்லை. 399 ரூபாய் என்று விளம்பரத்தில் இருந்தாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471 ரூபாய் ஆகிறது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். இதற்குமேல் ரூட்டருக்கு முன்பணம், சில மாதக் கட்டணம் மொத்தமாக என்று கேட்கிறார்கள். கைபேசிக்குக் கையில் காசு இருக்கும்போது ரீசார்ஜ் செய்துகொள்ளலாம் என்பதால் மக்கள் அதிலேயே நிற்கிறார்கள். அந்தக் கைபேசியும் பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. பள்ளி விட்டு வரும் பெண் குழந்தைக்கு இரவு ஒன்பது மணிக்குத்தான் கிடைக்கிறது.

கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கிய மாநில அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காக அறிவித்தது. முதற்கட்டத்தில் எடுத்துக்கொண்டது சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடுகள் வீதம் 14,000 மட்டுமே என்பதால் அதை வெற்றிக் கதையாக நான் முன்வைக்கவில்லை. ஆயினும் வடம் இழுப்பதற்கும் கட்டணத்தைத் தாங்குவதற்கும் தனித்தனியே பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு மாநில அரசு ஒப்புக்கொண்டதை நம் விவாதத்தில் சேர்க்கலாம். தீர்மானம் எழுதும்போது, நூலகத்துக்கும் பள்ளிக்கும் முதல் இணைப்பு என்றும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீடுகளுக்குக் கட்டணச் சலுகை என்றும் இரண்டு வரிகளைச் சேருங்கள்.

கரிசல்வாசி

மூவருக்கும் நன்றி. அடுத்த கிராம சபையில் தீர்மானத்தை வைக்கிறோம். இணைப்பு வேண்டும் என்று கையெழுத்திட முன்வரும் வீடுகளின் பட்டியலை இணைத்தால் பயன் உண்டா என்பதைக் கேபிள் நண்பர் கூற வேண்டும்.

வடக்குரத வீதி கேபிள்

நிச்சயம் உண்டு. ஆனால் விருப்பம் என்று மட்டும் எழுதாமல், மாதம் எவ்வளவு வரை கட்ட முடியும் என்பதையும் வீட்டுக்கு வீடு குறியுங்கள். அதோடு ஊராட்சி அலுவலகத்திலிருந்து உங்கள் ஊர் வரை மின்கம்பம் தொடர்ச்சியாக இருக்கிறதா, ஓடையைக் கடக்கும் இடத்தில் இடைவெளி எவ்வளவு என்பதையும் பார்த்து எழுதினால், அரசு நிறுவனமோ என்னைப் போன்ற உள்ளூர்க்காரரோ செலவைக் கணக்கிடுவது எளிது. இருபது வீடுகள் உறுதியாகச் சேர்ந்து, கம்ப வாடகையை ஊராட்சி ஏற்றுக்கொண்டால், அரசு வரும்வரை காத்திராமல் உங்கள் பக்கத்து ஆபரேட்டர் ஒருவரே இழுத்துத் தர முன்வரக்கூடும்.