முதல் கார், மூணு லட்சம், வாரம் மூணு நாள் ஏற்காடு: எதை எடுக்கலாம்?

அஸ்தம்பட்டி புதுசு (கேள்வி)

வணக்கம்ங்க. லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசம்தான் ஆகுது. வீடு அஸ்தம்பட்டி, வேலை ஏற்காடு தாண்டி நாகலூர் பக்கம். வாரத்துல மூணு நாள் மலை ஏறி இறங்கணும், மத்த நாள் டவுனுக்குள்ளதான். பெரும்பாலும் நான் ஒருத்தி மட்டும் போவேன், சில நாள் இன்னும் ரெண்டு பேர் வருவாங்க. பேர் மாத்துறது, இன்ஷூரன்ஸ், சில்லறை வேலை எல்லாம் சேர்த்து மூணு லட்சத்துக்குள்ள முடியணும்.

பார்த்து வச்சிருக்கறது மூணு வண்டி. 2013 ஐ10 1.1 மேக்னா, ரெண்டாவது ஓனர், 72,000 கி.மீ., டிஎன்-30, கேக்கறது 2,30,000. 2012 ஸ்விஃப்ட் விடிஐ டீசல், மூணாவது ஓனர், 98,000 கி.மீ., டிஎன்-09, கேக்கறது 2,60,000. 2015 வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, ஒரே ஓனர், 61,000 கி.மீ., டிஎன்-54, கேக்கறது 2,75,000.

மலைக்கு ஸ்விஃப்ட் டீசல்தான் இழுவைன்னு புரோக்கர் சொல்றாரு. வேகன்ஆர்ல எஞ்சினைக் குளிர வைக்கற கூலன்ட் டப்பாவுக்குள்ள தண்ணி காவி கலர்ல இருந்துச்சு. கேட்டா "எல்லா வண்டியிலயும் அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டாங்க. எதை எடுக்கறது, எதைப் பார்த்து ஒதுக்கறது?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஸ்விஃப்ட்டை முதல்ல பேசி முடிச்சிடலாம்ங்க. இழுவை விஷயத்துல புரோக்கர் சொன்னது பொய் இல்ல. அந்த 1.3 டீசல் 190 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) கொடுக்கும், இந்த மூணுல அதுதான் மலையைச் சுலபமா ஏறும். ஆனா லட்சம் கி.மீ. நெருங்கின டீசல்ல டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப் மூணும் வயசாகி நிக்கும். ஒண்ணு போனாலும் செலவு பத்தாயிரக் கணக்குல வரும், உங்க பட்ஜெட்ல அதுக்கு இடமே இல்ல. அதுக்கு மேல டிஎன்-09 சென்னை நம்பர். 2012 வண்டின்னா 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ அது எங்க நின்னுச்சுன்னு கேட்டே ஆகணும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, அடி நுனியில வண்டல் கோடு இருக்கான்னு பாருங்க. சீட் தண்டவாளத்துல துரு, கால் விரிப்புக்கு அடியில பூஞ்சை நாத்தம், டேஷ்போர்டுக்குக் கீழ இருக்கற ஒயர் சாக்கெட்ல பச்சைப் பூப்பு, இதுல ஒண்ணு கண்ணுல பட்டாலும் விட்டுடுங்க.

இப்ப வேகன்ஆர் காவித் தண்ணி. எல்லா வண்டியிலயும் அப்படி இருக்காது. கூலன்ட் பச்சையோ சிவப்போ நீலமோ, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும். காவியா இருந்தா போர் தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அந்தத் தண்ணியில உப்பு அதிகம். ரேடியேட்டர் குழாய்க்குள்ள உப்புப் படிவு கட்டும், எஞ்சினுக்குள்ள துரு அரிக்கும். டவுன்ல ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது. செகண்ட் கியர்ல தொடர்ந்து ஏறும்போதுதான் சூடு தலைக்கேறும். அதனால ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) ஏற்கனவே போயிருக்கா, இல்ல தண்ணி மட்டும்தான் கெட்டிருக்கா, இதைப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

காலையில வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே போய் நில்லுங்க. பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்காக முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, அன்னைக்குத் திரும்பி வந்துடுங்க. ஜில்லுன்னு இருந்தா ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி உள்பக்கம் பாருங்க. பால் காப்பி நிறத்துல கொழகொழன்னு ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. குளிர் ஊர்ல ஈரத்தால கூட அப்படி வரலாம், நம்ம சேலம் வெயில்ல அந்தச் சாக்கு செல்லாது. அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க (எஞ்சின் ஆறியிருந்தா மட்டும்தான் திறக்கணும், சூட்டுல திறந்தா முகத்துல அடிக்கும்). கழுத்துல தண்ணி லேசா அசையறது சரி. தொடர்ந்து முட்டை முட்டையா குமிழி வந்துட்டே இருந்தா கேஸ்கெட் போச்சு.

மூடியைப் போட்டு, ஏசி இல்லாம ஐடில்ல விட்டு ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுட்டே இருங்க. கொஞ்ச நேரம் குளிர்ச்சியாவே இருந்து, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்து விடற வால்வு) திறந்ததும் சட்டுனு சுடணும். ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா சூடாகுதுன்னா தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசியிருப்பாங்க. சூட்டுக் கோளாறை மறைக்க அப்படிப் பண்றது இங்க சகஜம். ஃபேன் ஓடி, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நின்னு, திரும்ப ஓடணும். நிக்காம ஓடிட்டே இருந்தா ரேடியேட்டர் அடைப்பு.

நாகலூர் மேடு

மலைக்கு ஏறுற சக்தியை விட இறங்குற பிரேக்தான் முக்கியம்ங்க. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழ. அவ்வளவு உயரத்தையும் 20 கொண்டை ஊசி வளைவுல இறங்கறீங்க. பிரேக் சூடு பெரும்பாலும் முன் டிஸ்க்லயும் பேட்லயும்தான் சேரும்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 3 ரக ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா அதுவே 140 டிகிரியில கொதிக்கும். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. அதனால எந்த வண்டி எடுத்தாலும் பிரேக் ஆயிலை முழுசா இறக்கி டாட் 4 ஊத்துங்க (புதுசுல 230, ஈரம் ஏறினா 155), ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. முன் பேட் 3 மி.மீ.க்குக் கீழ இருந்தா மாத்தாம மலை ஏறாதீங்க.

டெஸ்ட் டிரைவை ஐந்து ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு முடிக்க விடாதீங்க. கோரிமேடு வழியா அடிவாரம் போய், மூணு நாலு வளைவு ஏறி இறங்கணும்னு கேளுங்க. ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, இந்தச் சோதனையை நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஏறும்போது மூணாவது கியர்ல 30 கி.மீ. வேகத்துல ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கச் சொல்லுங்க. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கு. ஏத்தத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தா ஏழெட்டு டிக்குக்குள்ள வண்டி அசையாம நிக்கணும். புது டிரைவருக்கு ஏத்தத்துல வண்டி எடுக்க அந்த ஹேண்ட் பிரேக்தான் துணை. இறங்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினா டிஸ்க் வளைஞ்சிருக்கு, ஒரு பக்கம் இழுத்தா காலிப்பர் (பேட்டை டிஸ்க் மேல அழுத்தற பாகம்) பிடிச்சிருக்கு.

டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. பட்டன் (ரோட்டைப் பிடிக்கற வரி) நல்லா இருந்தாலும் ஆறு ஏழு வருஷம் தாண்டின டயர் கல்லாயிடும், மழையில வளைவுல பிடிக்காது. நாலு டயர் பதினஞ்சாயிரத்தை ஒட்டி வரும், அதை விலையில கழிச்சுப் பேசுங்க.

சூரமங்கலம் 998

ஒரு மாற்று யோசனை. இந்தியாவில் விற்கும் புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) 2019 ஏப்ரலிலிருந்தும், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும் கட்டாயம். அதற்கு முந்தைய சின்ன வண்டிகளில் இவை ஆப்ஷனாகத்தான் வந்தன, பலர் வாங்கவில்லை. இதே பட்ஜெட்டில் 2019 ஆல்டோ கிடைத்தால் அதையும் பாருங்கள். 796 சிசி என்பதால் ஏசி போட்டு மூன்று பேரோடு ஏறினால் திணறும், ஒருவர் போக அது போதும். பயணம் அதிகம், டிரைவர் புதுசு என்றால் இழுவையை விட ஏபிஎஸ்ஸுக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

வேகன்ஆரில் ஏபிஎஸ் இருக்கிறதா என்று தெரிய சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஏபிஎஸ் இல்லை, அல்லது பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஆல்டோ கருத்துல எனக்கு பாதிதான் உடன்பாடு. ரெண்டு பேர் கூட வர்ற நாள்ல 800 சிசி எஞ்சினை ஃபர்ஸ்ட் கியர்லயே முறுக்கணும், பின்னாடி பஸ் நிக்கும்போது புது டிரைவர் பதறிடுவாங்க. 1 லிட்டர் தேவைங்கறதுதான் என் கணக்கு. ஏபிஎஸ்ஸோட 1 லிட்டர் கிடைச்சா அதைத் தாண்டி வேற தேட வேண்டாம்.

ஐ10 பத்தி யாரும் சொல்லல. 1.1 எஞ்சின்ல டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட்டற பெல்ட்). ஐ10-லயே 1.2 கப்பா எஞ்சின்லயும், வேகன்ஆர்லயும் செயின். பெல்ட் மாத்தின பில் கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்குங்க. ஓடும்போது அறுந்தா வால்வு வளையும், ஹெட்டை இறக்கணும். ஸ்டீயரிங்கை நின்ன இடத்துல இடது வலதா ஆட்டினா டக் டக்னு வருதான்னும் பாருங்க. பவர் ஸ்டீயரிங் கப்ளிங் ரப்பர் தேயறது அந்த வண்டியில வழக்கம். பாகம் சின்னது, கூலிதான் ஜாஸ்தி.

அஸ்தம்பட்டி புதுசு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்விஃப்ட்டை விட்டுட்டேன். ஐ10-க்கு பெல்ட் பில் இல்ல, டக் டக்கும் வருது. வேகன்ஆரைக் காலையில ஜில்லுன்னு இருக்கும்போதே பார்த்தோம். ஆயில் மூடி சுத்தம், குமிழி இல்ல, ஹோஸ் சட்டுனு சூடாச்சு, ஃபேன் நின்னு நின்னு ஓடுது. ஏபிஎஸ் விளக்கு எரிஞ்சு அணைஞ்சுது, ஸ்டீயரிங்ல ஏர்பேக் எழுத்தும் இருக்கு. அடிவாரத்துக்கு மேல நாலு வளைவு மாமா ஓட்டிப் பார்த்தாரு, கிளட்ச் சறுக்குதுன்னு சொல்றாரு. டயர் நாலும் 1417. ஷோரூம் சர்வீஸ் பதிவுல கி.மீ. ஒத்துப்போகுது. ஆர்சியில பேங்க் பேர் இருக்கு. லோன் முடிஞ்சிடுச்சுன்னு ஓனர் சொல்றாரு.

சூரமங்கலம் 998

லோன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் ஓனர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் பேர் மாறாது. அதைப் பார்க்கும் வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முன்பண ரசீதில் வண்டி எண், சேசிஸ் எண், "கடன் சான்று வராவிட்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்ற வரி மூன்றும் இருக்கட்டும்.

படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி வாங்கும் நாளில் தேதியும் நேரமும் போட்டு டெலிவரி குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், முந்தைய அபராதம் யார் தலையில் என்ற தகராறு வராது.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதற்கான வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். வேகன்ஆர் 998 சிசி என்பதில் ஒரு லாபம் உண்டு. 2022-இல் நிர்ணயித்த விகிதப்படி 1,000 சிசிக்குள் மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1,500 வரை 3,416 ரூபாய், இரண்டுக்கும் வரி தனி. 2015 பதிவு என்பதால் 15 வருடம் முடிந்து 2030-இல் ஆர்சி புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

அப்ப வேகன்ஆரே எடுங்க, ஆனா 2,75,000-க்கு இல்ல. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் செட்டா கூலியோட ஏழெட்டாயிரம். பிளேட்டை மட்டும் மாத்தாதீங்க, கியர்பாக்ஸை இறக்கற கூலிதான் பெருசு. டயர் பதினஞ்சு. கூலன்ட் ஃப்ளஷ், புது ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து ஆறேழாயிரம். முப்பதாயிரம் வருது. 2,45,000-ல ஆரம்பிச்சு 2,55,000-க்குள்ள முடிங்க. மீதியில பேர் மாத்துற செலவும் இன்ஷூரன்ஸும் அடங்கும்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான், விட்டுடாதீங்க. 1,500 மீட்டர் உயரத்துல திறந்த பாத்திரத்துத் தண்ணி 95 டிகிரி வாக்குலயே கொதிச்சிடும். மூடி பிடிக்கற அழுத்தம்தான் அதைக் கொதிக்க விடாம வச்சிருக்கு. ரப்பர் தளர்ந்த மூடி கீழ ஒண்ணும் காட்டாது, மேல போய்க் கொதிக்கும். ஃப்ளஷ் பண்ணி, ரெடிமேட் கூலன்ட் ஊத்தி, ஆயிரம் கி.மீ. ஓடின பிறகு திரும்பவும் டப்பாவைப் பாருங்க. மறுபடி காவி ஏறியிருந்தா இன்னொரு ஃப்ளஷ்.

அஸ்தம்பட்டி புதுசு

2,52,000-க்கு முடிஞ்சுதுங்க, பேங்க் சான்று வாங்கிட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம். இறங்கும்போது எந்த கியர்?

நாகலூர் மேடு

ஏறின கியர்லயே இறங்குங்க. அனேகமா செகண்ட், நேரா இருக்கற துண்டுல தேர்ட். நியூட்ரல் போடவே கூடாது, கிளட்ச்சை மிதிச்சபடி உருட்டவும் கூடாது. பிரேக்கைத் தேய்ச்சுட்டே வராம, வளைவுக்கு முன்னாடி ஒரு தடவை அழுத்தி வேகத்தைக் குறைச்சு விட்டுடுங்க, டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். வளைவுல ஹாரன் அடிங்க, எதிர்ல ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்க. முதல் ரெண்டு வாரம் பழக்கமான ஒருத்தரைப் பக்கத்துல வச்சுட்டு, சுற்றுலாக் கூட்டம் இல்லாத வார நாள் காலையில ஏறுங்க. பேட் கருகற வாசம் வந்தா அகலமான இடத்துல ஓரம் கட்டி கால் மணி நேரம் நிறுத்துங்க. டிஸ்க் மேல தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, வளைஞ்சிடும்.