பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் புது எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் பூட் ஆக மாட்டேன் என்கிறது

மின்விசிறி88:

வணக்கம் நண்பர்களே. 2020-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10, கேம்களுக்கென்று தனியாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுபோனதும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மதர்போர்டில் சொருகி, பென்டிரைவில் இருந்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக அதில் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஆன் செய்ததும் நீலத் திரையில் 11 வேண்டுமா 10 வேண்டுமா என்று கேட்கும், விட்டுவிட்டால் தானாக 11-க்குப் போகும், அது ஒன்றும் தொந்தரவாக இல்லை.

இப்போது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் ‘டக்... டக்...’ என்று பல்லி கத்துவது போல் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. சாவதற்குள் கழற்றிவிடலாம் என்று கேபிளைப் பிடுங்கினேன், அவ்வளவுதான், நேராக பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் நிற்கிறது. திரும்பச் சொருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி 11 வருகிறது. விண்டோஸ் இருப்பது என்விஎம்இ-யில், சி டிரைவ் அதுதான், பிறகு இந்தக் கிழத்துக்கு அங்கே என்ன வேலை?

ராம்குச்சி:

எந்த டிரைவில் முதலில் தேடணும்ங்கற பூட் ஆர்டரை மாத்துங்க ப்ரோ. என்விஎம்இ-யை முதலில் வையுங்க. அதுக்கும் வரலைன்னா எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிட்டு மறுபடி போடுங்க, அரை மணி நேர வேலை.

மின்விசிறி88:

பார்த்துவிட்டேன் ப்ரோ. பூட் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதன் பக்கத்திலும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் பெயர். என்விஎம்இ பயாஸில் தெரிகிறது, ஆனால் பூட் பட்டியலில் மட்டும் இல்லை. மறுபடி முதலில் இருந்து எல்லா சாஃப்ட்வேரையும் போடத் தெம்பில்லை, அரை மணி நேரம் விண்டோஸுக்குத்தான், மற்றதெல்லாம் யார் போடுவது.

பழையஸ்குரூ:

தம்பி, நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். அந்த ஒரு வரியும் அந்த நீலத் திரை மெனுவும்தான் விஷயம்.

யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்தது) உள்ள கணினி நேரடியாக சி டிரைவைத் தேடாது. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஃபேட்32-ல் ஒரு குட்டிப் பகுதி இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி, விண்டோஸைக் கிளப்பிவிடும் பூட் லோடர் அதற்குள்தான். விண்டோஸ் நிறுவும்போது வேறு டிரைவில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால், புதிதாக ஒன்றை உருவாக்காமல் பல சமயம் பழையதிலேயே தன் ஃபைல்களைப் போட்டுவிடும். வீடு மாறியாயிற்று, சாவி பழைய வீட்டு ஆணியில் தொங்குகிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து எந்த டிஸ்க்கில் இஎஃப்ஐ என்று எழுதியிருக்கிறது பாருங்கள். அங்கே ‘சிஸ்டம்’, ‘பூட்’ என்ற சொற்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பூட் ஃபைல் இருக்கும் பகுதிக்கு சிஸ்டம் என்று பெயர், விண்டோஸ் இருக்கும் பகுதிக்கு பூட் என்று பெயர். யார் வைத்தார்களோ.

அதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். சத்தம் போடும் டிஸ்க்கில் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை) ஓட்டவே ஓட்டாதீர்கள், இருக்கும் உயிரும் அதில் போய்விடும்.

மின்விசிறி88:

அண்ணே, அப்படியேதான் இருக்கிறது. டிஸ்க் 0, பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி, அதன் தலையில் 100 எம்பி இஎஃப்ஐ. டிஸ்க் 1, 223 ஜிபி, கேம். டிஸ்க் 2, 465 ஜிபி, புது என்விஎம்இ, முழுக்க சி மட்டும்தான், வேறு எதுவுமே இல்லை. போட்டோக்களைக் காப்பி போட்டிருக்கிறேன், நடுநடுவே மூச்சு வாங்குகிறது.

பழையஸ்குரூ:

சரி, காப்பி முடியட்டும். அப்புறம் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும்போதே, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்தே இதைச் செய்துவிடலாம். போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கட்டளைகளை வாயால் சொல்வது போலச் சொல்கிறேன்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யை ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் கொடுத்து 300 எம்பி குறையுங்கள். சி-க்குப் பின்னால் காலி இடம் வரும். அதை அங்கேயே இஎஃப்ஐ ஆக்க முடியாது, அதற்கு டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவி வேண்டும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து டிஸ்க்பார்ட் அடியுங்கள். முதலில் ‘லிஸ்ட் டிஸ்க்’. 465 ஜிபி எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, விரலை வைத்து, அப்புறம் ‘செலக்ட் டிஸ்க் 2’. இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள், மூன்று டிரைவ் இருக்கும் கணினியில் எண்ணை மாற்றி அடித்துவிட்டு என்னிடம் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260’, பின் ‘ஃபார்மேட் க்விக் எஃப்எஸ்=ஃபேட்32’, பின் ‘அசைன் லெட்டர்=எஸ்’, பின் ‘எக்ஸிட்’.

கடைசியாக, பூட் ஃபைல்களை எழுதும் கட்டளை: ‘பிசிடிபூட்’, இடைவெளி, சி டிரைவில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரின் முழுப் பாதை, இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, எஸ் கோலன், இடைவெளி, சாய்கோடு எஃப், இடைவெளி, யுஇஎஃப்ஐ. பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாயின என்று ஒரு வரி வந்தால் போதும். கணினியை முழுசாக அணைத்து, பவர் கேபிளையும் எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

ரெண்டாம்ஸ்லாட்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. 24எச்2 பதிப்பு முதல், விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிரைவில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. பூட் சமாச்சாரத்தில் கை வைத்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். உங்கள் அக்கவுண்ட் பக்கத்தில் இருக்கும், முதலிலேயே பேப்பரில் எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டு, மழை நாளில் பக்கத்து வீட்டுக்குப் போய் அவர் லேப்டாப்பில் என் கீயைத் தேடினேன்.

இன்னொன்று, சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் (என்விஎம்இ சொருகும் இடம்) டிரைவ் போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் (மற்ற டிரைவ்களின் கேபிள் மாட்டும் இடம்) வேலை செய்யாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, தலைப்பைப் பார்த்துவிட்டு ‘என் டிரைவே காணோம்’ என்று வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், மேனுவலில் சாட்டா போர்ட் பக்கத்தைப் பாருங்கள்.

ராம்குச்சி:

நான்தான் அவசரப்பட்டு ஃபார்மேட்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா எல்லா டிரைவும் மாட்டி இருக்கும்போது ஃபார்மேட் பண்ணிப் போட்டிருந்தா மறுபடி இதே இடத்துக்குத்தான் வந்திருப்பீங்க போல.

பழையஸ்குரூ:

பழைய இஎஃப்ஐ அங்கேயே இருந்தால் அதேதான். அதனால்தான் விண்டோஸ் போடும்போது மற்ற டிரைவ்களின் கேபிளைக் கழற்றிவிட்டுப் போடு என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

மின்விசிறி88:

நேற்று ராத்திரி செய்தேன். பிசிடிபூட் வரை எல்லாம் சரி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஆன் செய்தால் மறுபடி பயாஸ், நெஞ்சு திக்கென்றது. பூட் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ காணோம். அதற்குப் பதிலாக ‘யுஇஎஃப்ஐ ஓஎஸ்’ என்று புதிதாக ஒன்று, பக்கத்தில் என்விஎம்இ பெயர். அதை முதலில் வைத்து சேவ் செய்தேன், 11 வந்துவிட்டது. கீ எதுவும் கேட்கவில்லை. பெயர் ஏன் மாறியது அண்ணே?

பழையஸ்குரூ:

சாய்கோடு எஸ் போட்டு பிசிடிபூட் ஓட்டினால் மதர்போர்டின் நினைவகத்தில் அந்தப் பெயரை அது எழுதாது. இஎஃப்ஐ பகுதிக்குள் பூட் என்ற ஃபோல்டரில் பொதுவான பெயரில் ஒரு ஃபைல் வைத்திருக்கும், மதர்போர்டு அதைத் தானே கண்டுபிடித்து அப்படிக் காட்டுகிறது. பெயர் எதுவானால் என்ன, விடுங்கள். நீலத் திரை மெனு இன்னும் வருகிறதா?

மின்விசிறி88:

இல்லை அண்ணே, நேராக லாகின்தான். போட்டோவில் பதினேழு மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டன. ஹார்ட் டிஸ்க்கைப் பழைய ஷூ டப்பாவில் போட்டு பரணில் வைத்துவிட்டேன்.