பொதுவிருப்பமா, பொதுவுளமா? ரூசோவுக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். திங்கட்கிழமை இளங்கலை அரசியல் அறிவியல் வகுப்பில் அரசியல் சிந்தனையாளர் ரூசோவை நடத்த வேண்டும். 1762இல் வந்த ‘சமூக ஒப்பந்தம்’ நூலில் அவர் பிரெஞ்சில் ‘வொலொந்தே ஜெனெரால்’ (ஆங்கிலத்தில் ‘ஜெனரல் வில்’) என்று சொல்வதைக் குறிப்பேடுகளில் ‘பொதுவிருப்பம்’ என்கிறோம். போன ஆண்டு அப்படியே சொன்னேன். ஒரு பையன் எழுந்து, “நாற்பது பேரில் முப்பது பேர் கேட்டால் அதுதானே சார் பொதுவிருப்பம்?” என்றான். அது இல்லை என்று புரியவைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லாருடைய தனி விருப்பங்களையும் கூட்டினால் வருவது ஒன்று, பொதுநலனை நாடுவது வேறொன்று என்று ரூசோவே பிரிக்கிறார். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தாருங்கள். ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது.

---

ஐயா, காபியா டீயா என்று கேட்க ‘விருப்பம்’ போதும். இது உறுதிகொண்ட மனம். ‘பொதுத்திட்பம்’ என்று வைப்போம். “வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்” என்பது குறள். திட்பம் வடசொல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நுண் நுட்பமாகும், ஒண் ஒட்பமாகும், திண் திட்பமாகும்.

---

> திண் திட்பமாகும்

இலக்கணம் சரி. ஆனால் மாணவர் ‘பொதுத்திட்டம்’ என்றுதான் எழுதிவைப்பார்கள். ‘வில்’ என்பதற்குத் தமிழ் தேடும் இந்த இடத்தைக் கிறித்தவர்கள் முன்பே கடந்துவிட்டார்கள். பழைய விவிலியத்தில் ‘உம்முடைய சித்தம்’, கத்தோலிக்கர் செபத்தில் ‘உம் திருவுளம்’. கோயிலில் திருவுளச்சீட்டு எடுக்கிறோமே, அதே உளம். பொதுவுளம்! ‘சட்டம் பொதுவுளத்தின் வெளிப்பாடு.’ 1789 பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தின் 6ஆம் பிரிவை இப்படிச் சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது.

---

திருவுளம் கடவுளுடையது அம்மா. கீழ்ப்படிய மறுப்பவரைச் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்று ரூசோ எழுதிய இடமே எனக்கு அச்சம் தருகிறது. ‘உளம்’ போட்டால் மக்களுக்கு மேலே ஒரு தெய்வ மனம் இருப்பதுபோல் ஆகிவிடும். எளிய சொல்லே இருக்கட்டும். விளக்குவது ஆசிரியர் வேலை.

---

இடையில் ஒன்று: ஆங்கில ‘வில்’ நம்மிடம் ஏற்கெனவே ‘உயில்’ ஆகிக் குடியேறிவிட்டது. அதுவும் ஒருவர் மனத்தில் துணிந்ததுதானே? பத்திர எழுத்தர்களின் பழைய சொற்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

---

எல்லாருக்கும் நன்றி. ஓர் எடுத்துக்காட்டோடு முடிவெடுத்தேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்ட வந்தபோது வீட்டுக்கு வீடு “என் வாசலில் வேண்டாம்” என்றார்கள். அத்தனையையும் கூட்டினால் வடிகாலே கிடையாது. அது ‘அனைவர் விருப்பம்’. தண்ணீர் யார் வீட்டுக்குள்ளும் வரக்கூடாது என்பதில் தெருவே ஒன்று. அதை ‘விருப்பம்’ என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. ஆனாலும் தேர்வுத்தாள் ‘பொதுவிருப்பம்’ என்றுதான் கேட்கும், இங்கும் எளிய சொல்லே இருக்கட்டும் என்கிறார் ஒருவர். அச்சில் அதுவே போகிறது. கரும்பலகையில் பக்கத்திலேயே ‘பொதுவுளம்’ எழுதிக் காட்டுவேன்.

---

திட்பத்தை நான் விடவில்லை. அப்புறம், அடுத்த வாரம் வகுப்பில் இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ வருகிறார் அல்லவா? அரசின் அதிகாரங்களைத் தனித்தனியே வைக்கும் அவர் கருத்துக்கு ‘அதிகாரப் பிரிவினை’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். பிரிவினை என்றால் பாகப்பிரிவினைதான் நினைவுக்கு வரும். தனி இழையில் எழுதுகிறேன்.