கீமோ அசதி: தூங்கி எழுந்தும் தீராத களைப்புக்கு என்ன செய்வது?

வீட்டுத்துணை கேட்டது:

நான் பார்த்துக்கொள்பவருக்கு 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. மூன்று சுற்று முடிந்துவிட்டது. முதல் சுற்றில் நாலைந்து நாளில் எழுந்து நடமாடியவர், இப்போது பத்து நாள் ஆகியும் அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிறார். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் முழிப்பு. எவ்வளவு தூங்கினாலும் அசதி மட்டும் போவதில்லை. "கீமோ என்றால் அப்படித்தான், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போவது இயல்பா? படுக்க விடுவதா, நடக்க வைப்பதா? டாக்டரிடம் எதைக் கேட்பது?

வார்டு செவிலி:

"அப்படித்தான் இருக்கும்" என்பது பாதிதான் சரி. வேலை செய்து களைத்தால் தூங்கி எழுந்ததும் தீர்ந்துவிடும். இந்த அசதி செய்த வேலைக்குச் சம்பந்தமில்லாமல் வரும், தூக்கத்துக்கும் அசையாது. ஆனால் அதற்கு ஒரு போக்கு உண்டு. அதைப் பிடித்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அசதிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். 0 என்றால் அசதியே இல்லை, 10 என்றால் எழவே முடியவில்லை. பக்கத்தில் அது கீமோவின் எத்தனையாவது நாள், தூங்கிய நேரம், சாப்பிட்டது, குடித்தது, காய்ச்சல் அளவு. 3 வரை லேசானது. 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் கடுமை. 4ஐத் தொட்டாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். "ரொம்ப டயர்டா இருக்கார்" என்றால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். "எட்டாம் நாளும் 7, பாத்ரூம் போய்வரவே நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், பேனாவை எடுப்பார்கள்.

பெரும்பாலான கீமோவில் ஊசி ஏறிய சில நாளில் அசதி உச்சத்துக்குப் போய், அடுத்த சுற்றுக்குள் ஓரளவு இறங்கும். வாந்தி வராமலிருக்க இரண்டு மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், அந்த நாட்களில் ஆள் சுறுசுறுப்பாக இருப்பார், தூக்கம் வராது. மாத்திரை நின்ற மறுநாள் தொப்பென்று விழுவார். பல வீடுகளில் பயந்துபோவது அந்த நாளில்தான்.

நீங்கள் சொல்வதுபோல் உச்சம் போய் இறங்காமல் அப்படியே நிற்பது வேறு விஷயம். தேட வேண்டும்.

ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கீமோ ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் பெரும்பாலும் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ஆகக் குறைவாக இருக்கும். அப்போது 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிவிடக் கூடாது, காய்ச்சலை அது மறைத்துவிடும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஆளை எழுப்பவே முடியாத தூக்கம், இவையும் அப்படியே.

மருந்தாளுநர்:

ஏன் மூன்றாவது சுற்றில் கூடுகிறது என்பதற்கு ஒரு காரணம்: சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். முதல் கீமோவிலேயே உற்பத்தி அடிபட்டாலும் பழைய சரக்கு கொஞ்ச காலம் ஓட்டும். அதனால் ஹீமோகுளோபின் படிப்படியாகத்தான் இறங்கும். கடைசி ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காமல் மூன்று சுற்றின் எண்ணையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 12இலிருந்து 9க்கு வந்திருந்தால் அதுவே பெரிய சேதி.

அதற்காகக் கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரும்பு குறைந்ததால்தான் இரத்தம் குறைந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் பார்த்தால் ஏமாறலாம், உடம்பில் அழற்சி இருந்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இரத்தம் ஏற்றுவதைப் பொதுவாக ஹீமோகுளோபின் 7, 8க்குக் கீழே போனால், அல்லது மூச்சு வாங்கினால் யோசிப்பார்கள். சிவப்பணுவைக் கூட்டும் எரித்ரோபொயெட்டின் ஊசிக்கு இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முழுக் குணத்தை நோக்கிய கீமோவில் அதைத் தருவதில்லை.

மற்றபடி கேட்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள்: சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், சர்க்கரை, கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, பி12.

இனி மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். குமட்டலுக்கு ஒலான்சபின் இருக்கிறதா? நன்றாகத் தூக்கத்தில் தள்ளும், இரவில் எடுக்கலாமா என்று கேளுங்கள். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், டிரமடால், கேபாபென்டின், பிரீகேபலின், அதோடு அலர்ஜி மாத்திரை எல்லாமே தூக்கத்தைக் கொண்டுவரும், இரண்டு மூன்று சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் மாலையில் விழுகிறதென்றால் இரவு முழிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம். காலையிலோ மதியத்துக்குள்ளோ மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

அதிகம் தவறவிடுவது இது: எடை குறைந்து, சாப்பாடு குறைந்த பிறகும் பழைய பிரஷர் மாத்திரை பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எழுந்தால் தலை சுற்றும், கால் தள்ளாடும், எல்லோரும் கீமோவைத் திட்டுவார்கள். உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம் ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்தளவைக் கட்டாயம் பேச வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிசியோ:

படுக்க விடுவதா, நடக்க வைப்பதா? நடக்க வைப்பதுதான், ஆனால் அளந்து. படுத்தே இருந்தால் தசை கரையும். கரைந்த தசையோடு எழுந்து நிற்பதே பெரிய வேலையாகிவிடும். அதனால் அசதி கூடும், இன்னும் படுப்பார். இந்தச் சுழலை ஓய்வு உடைக்காது.

வீட்டுக்குள் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் அதுவே சரியான வேகம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 நிமிடம் கூட்டுங்கள். கீமோ ஏறிய முதல் சில நாளில் பாதியாக்குங்கள், ஆனால் பூஜ்யமாக்காதீர்கள். எட்ட வேண்டிய இலக்கு: வாரம் மூன்று நாள், முப்பது நிமிட நடை. அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. கைப்பிடி வைத்த நாற்காலியிலிருந்து ஐந்து முதல் எட்டு முறை எழுந்து உட்கார்வதில் தொடங்கலாம். பலன் தெரியப் பல வாரம் பிடிக்கும். நடந்த அன்று மாலையோ மறுநாளோ நோட்டில் எண் 2 ஏறினால் அளவு அதிகம், முந்தைய நிமிடத்துக்குத் திரும்புங்கள்.

காய்ச்சல் இருந்தால் பயிற்சி வேண்டாம். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 50,000க்குக் கீழே என்றால் எடை தூக்குவதும் விழுந்தால் அடிபடும் பயிற்சியும் கூடாது. 20,000க்குக் கீழே என்றால் டாக்டர் சொன்னது மட்டும். புற்றுநோய் எலும்பில் பரவியிருந்தால் எந்த எலும்பு என்று தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது. பாதம் மரத்துப்போயிருந்தால் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

வீட்டுத்துணை:

மாத்திரையைப் பார்த்தேன். டெக்ஸாமெத்தசோன் இரண்டாவது வேளை மாலை 6 மணிக்கு இருக்கிறது. பகல் தூக்கத்தை எப்படிக் குறைப்பது? குளித்துவிட்டு வந்தாலே அவருக்கு நாள் முடிந்துவிடுகிறது.

வார்டு செவிலி:

பகல் தூக்கம் 20, 30 நிமிடம், மூன்று மணிக்கு முன்னால், அலாரம் வைத்து. இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

குளியலைக் குறைவாக எடை போடாதீர்கள். வெந்நீர் பிரஷரை இறக்கும், நின்றுகொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்குவது மூச்சை வாங்கும், துவட்டுவது இன்னொரு வேலை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில். துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்தி அப்படியே உட்கார விடுங்கள். எந்த நேரம் எண் குறைவு என்று நோட்டு சொல்லுமோ அந்த நேரத்தில் குளியல், அதன்பின் அரைமணி எதுவும் இல்லை. காலையில்தான் குளிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

வந்தவர்களோடு பேசுவதும் வேலைதான். 15 நிமிடத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள், கெட்ட பெயர் உங்களுக்கு வந்தாலும் பரவாயில்லை. நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய வேலையெல்லாம் முடிக்கப் பார்ப்பார். அதன் விலை அடுத்த இரண்டு நாள்.

சாப்பாட்டில் எடைக்கு ஏற்பப் புரதம்: கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம். 60 கிலோ என்றால் 60 முதல் 90. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டு. மூன்று வேளை முடியாது, ஆறு வேளையாகப் பிரியுங்கள். முட்டை, பால், பருப்பு எதுவானாலும் முதல் கவளம் புரதமாக இருக்கட்டும், பாதியில் வயிறு அடைத்துவிடும்.

மருந்தாளுநர்:

மாலை 6 மணி வேளையை நேரம் மாற்றும் கேள்வியை நாளைக்கே போனில் கேளுங்கள், அடுத்த சுற்று வரை தள்ள வேண்டாம். கீமோவோடு இம்யூனோதெரபியும் (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) ஏறுகிறதா என்று ஃபைலில் பாருங்கள். அதில் தைராய்டோ, சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியோ அடிபட்டால் இதே மாதிரி இறங்காத அசதி வரும், சில நேரம் சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும். அட்ரினல் என்றால் தலைசுற்றல், வாந்தி, குறைந்த பிரஷர் சேரும், அது அவசரம். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4, அட்ரினலுக்குக் காலை எட்டு மணி கார்டிசால் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டெக்ஸாமெத்தசோன் எடுத்த தேதிகளையும் சொல்லிவிடுங்கள், அது கார்டிசால் எண்ணைக் குறைத்துக் காட்டும்.